பள்ளிக்கு ஓர் அன்பளிப்பு

முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அதைக் கண் வழியாகவா வெளியே விடுவது? சிரிக்கலாம், தவறில்லை. கண்ணீருக்கும் சிறுநீர்ப்பைக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது; உங்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னேன். குடியுங்கள். பை நிரம்பினால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற கருப்பை ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். அதற்காகத்தான் குடிக்கச் சொல்கிறார்களே ஒழிய, உங்களை வதைப்பதற்காக அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை அந்த முன்மேசைப் பெண் சொல்லியிருக்க வேண்டும். அவளோ, ஆண்களும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், "அக்கா, முட்டுதா? முட்டுனா சொல்லுங்க, உள்ள அனுப்பறேன்" என்று கூவுகிறாள்.

எனக்கு நேர்மாறு. பித்தப்பையில் கல் இருக்கலாமென்று சந்தேகம். ஆகையால் வெறும் வயிறு. நீங்கள் குடிக்காமல் இருக்கக்கூடாது, நான் குடிக்கக்கூடாது. இருவரும் எழுந்து போகவும் முடியாது. பேசிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் கையில் இருக்கிற சீட்டை நான் எட்டிப் பார்த்தது மரியாதை இல்லைதான். முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்திய கண். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடும். டாக்டர் ஃபைப்ராய்டு என்று எழுதியிருக்கிறார். புற்றுநோய் என்று எழுதவில்லை. கட்டி என்றாலே புற்றுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? நாத்தனாரா? அவர் என்ன படித்திருக்கிறார்? சரி, அதை விடுங்கள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. இந்த ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன், கடைசியில் தலைமையாசிரியை. தமிழில் படித்தவள், தமிழிலேயே கற்பித்தவள். உங்களை 'நீ' என்று சொல்லலாமா? என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். நன்றி.

கேளம்மா. கருப்பை என்பது தசையாலான ஒரு பை. தலைகீழாகக் கவிழ்த்த பேரிக்காய் வடிவம் என்று பாடநூலில் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பேரிக்காயை எங்கே கண்டார்கள்? ஒரு பிஞ்சுச் சுரைக்காயைக் கழுத்து கீழே வரும்படி பிடித்துக்கொள் என்பேன் நான். அந்தக் கழுத்துதான் கருப்பைவாய். சிலருக்கு அந்தக் கழுத்தில் சின்னத் தண்டோடு ஒரு சதை தொங்கும். நம் கழுத்திலும் அக்குளிலும் மரு தொங்குவதில்லையா, அதுபோல். அதைப் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலும் திருகி எடுத்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். சுரைக்காயின் சுவரிலேயே வளர்வது ஃபைப்ராய்டு. தசையிலிருந்தே பிறந்த தசை. அயலான் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளைதான். கொஞ்சம் அடங்காமல் வளர்ந்துவிட்ட பிள்ளை. உட்பக்கம் துருத்தினால் உதிரம் அதிகமாகப் போகும். சுவருக்குள்ளேயே கிடந்து பெரிதானால் கனம், வலி. வெளிப்பக்கம் வளர்ந்தால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். புற்றாக மாறுவது மிக மிக அரிது. எல்லாவற்றையும் அறுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

திருப்பிச் சொல், பார்ப்போம். கழுத்தில் தொங்குவது? சரி. சுவரில் வளர்வது? சரி. மிக நன்று. உன் நாத்தனாருக்கும் இதை இப்படியே சொல்.

இதை இவ்வளவு தெளிவாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கிறாய். கற்பித்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் மகளுக்கும் இதுவேதான்.

இப்போது நன்றாக இருக்கிறாள். உடலுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் பெயர் பொற்கொடி. ஒரே மகள். அவள் அப்பா அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது இறந்துபோனார். அவளும் என் பள்ளியில்தான் படித்தாள், என் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலம் என்று ஒரு பாடம் உண்டல்லவா? மற்ற ஆசிரியைகள், "வீட்டுல படிச்சுக்குங்க, பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. கரும்பலகை முழுவதும் வண்ணச் சுண்ணக்கட்டியால் படம் வரைவேன். பிள்ளைகள் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்காக முதலில் பொற்கொடியைத்தான் எழுப்புவேன். பிரம்பைக் கையில் கொடுத்து, "பாகங்களைக் குறி" என்பேன். என் மகளே சொல்கிறாள் என்றால் மற்றவளுக்கு என்ன வெட்கம்? அவள் ஒரு பிழை இல்லாமல் சொல்வாள். குரல் மட்டும் கேட்காது. "சத்தமாக" என்பேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள்.

நல்ல பிள்ளை. என்னிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசியவள் இல்லை.

திருமணம் சற்றுத் தாமதமாக நடந்தது. மாப்பிள்ளை கதிரேசன், திருவாரூரில் மின்வாரியத்தில் இருக்கிறார். சாதுவான மனிதர். சாது என்றால், எதையும் முடிவு செய்யத் தெரியாதவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். திருமணமான மறு வருடம் கருவுற்றாள், மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அடுத்த வருடம் இன்னொன்று, அதுவும் கலைந்தது. இரண்டாவது கொஞ்சம் வளர்ந்த பிறகு. அப்போதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு பாலிப் இருந்தது, அதை உடனே எடுத்துவிட்டார்கள். சுவரில் மூன்று ஃபைப்ராய்டுகள். இரண்டு சிறியவை. ஒன்று ஆரஞ்சுப் பழம் அளவு, ஆழமாக.

எல்லாமே தீங்கற்றவை. அறிக்கையைப் படித்துவிட்டு நான்தான் அவளுக்கு விளக்கினேன், இப்போது உனக்கு விளக்கியதைப் போலவே. சுரைக்காயிலிருந்து தொடங்கி. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மா, பிள்ளை தங்குமா தங்காதா, அத மட்டும் சொல்லும்மா" என்றாள். அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? கேள்வியே அறிவியல்பூர்வமானது இல்லை. "வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்லலாம்" என்றேன்.

குடி, குடி. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே இருக்கிறாயே.

கட்டிகளை அறுவை செய்து எடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் சர்ஜன் அம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். கெட்டிக்காரர். "கட்டிய மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பைய வெச்சுத் தைக்கறதுக்குத்தான் பார்ப்போம்" என்றார். பொற்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எது வேணா பண்ணுங்க, அத மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள். அந்த அம்மா, "ஏம்மா, நாங்க என்ன எடுத்துட்டுப் போய்க் கொழம்பா வெக்கப்போறோம்?" என்று சொல்லிச் சிரித்தார். பொற்கொடியும் சிரித்துவிட்டாள். எனக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. ஆனால் அவள் சிரித்ததைப் பார்த்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே சர்ஜன் அம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சின்னது ரெண்டும் வந்துருச்சு. பெருசு ஆழத்துல ஒக்காந்திருக்கு, தொட்டாலே ரத்தம் கொட்டுது. இன்னும் ரத்தம் ஏத்திக்கிட்டு முயற்சி பண்ணலாம். வந்தாலும் வரும். ரிஸ்க்கு இருக்கு. இல்ல, கர்ப்பப்பையோட எடுத்துட்டா பிரச்சினை இன்னிக்கோட முடிஞ்சுது. நீங்க சொல்லுங்க, நான் உள்ள போகணும்."

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? என்னைப் பார்த்தார். அவர் மனைவி உள்ளே கிடக்கிறாள், அவர் என்னைப் பார்க்கிறார். "அத்தை" என்கிறார்.

யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும் அல்லவா? நான் சொன்னேன். "எடுத்துவிடுங்கள்" என்றேன். "சூலகங்கள் இரண்டையும் விட்டுவிடுங்கள்" என்றும் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அது நினைவிருந்தது. கருமுட்டை உண்டாகிற சூலகம் போனால் எலும்பு தேயும், உடம்பு காந்தும், எவ்வளவோ தொல்லை. சர்ஜன் அம்மாவே ஒரு கணம் நின்று என்னைப் பார்த்து, "டீச்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பார், உனக்கும் தெரியவில்லை. பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். இருக்கிற பிள்ளையைப் பார்ப்பதா, பிறக்காத பிள்ளையைப் பார்ப்பதா? என் பிள்ளை உள்ளே இருந்தாள்.

பிறகு தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். இங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் காட்டுவார்கள், நாளைக்கு யாரும் எடுத்தோமா இல்லையா என்று கேட்டுவிடக்கூடாது பார். எஃகுத் தட்டு, மேலே பச்சைத் துணி. நர்ஸ் துணியை விலக்கியதும் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

எப்படிச் சொல்வது உனக்கு? முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. அப்படியே இருந்தது. நான் வரைந்த கழுத்து, நான் வரைந்த வளைவு. பெரிய கட்டியைச் சற்றுக் கீறிக் காட்டினார்கள். உள்ளே வெண்மையாக, நூலைச் சுற்றிச் சுற்றி வைத்த கண்டுபோல வரி வரியாக இருந்தது. பாடநூலில் போட்டிருக்கிற படம் எவ்வளவு மட்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "இது எந்தப் பக்கம்? இது முன்சுவரா?" என்று கேட்டேன். நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் சொன்னாள்.

மயக்கம் தெளிந்து பொற்கொடி கண் விழித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். நாக்கு உலர்ந்து குழறியது. "இருக்காம்மா?" என்றாள்.

"சூலகம் இரண்டும் இருக்கின்றன" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையைத்தானே சொன்னேன்? நோயாளியிடம் முதலில் நல்ல செய்தியைத்தான் சொல்ல வேண்டும்.

உன் பெயரையா கூப்பிட்டாள்? இல்லை, அது வேறு யாரோ. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எடுத்ததை, அழுகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், பரிசோதனைக் கூடத்துக்கு நாம்தான் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை தொடமாட்டேன் என்றுவிட்டார். நான் ஒயர்க்கூடையில் துண்டை விரித்து அதன் நடுவில் வைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்தக் கூடத்தில் பர்வீன் என்று என் பழைய மாணவி வேலை செய்கிறாள். வேண்டிய துண்டுகளை வெட்டிச் சோதித்தார்கள், முற்றிலும் தீங்கற்றது என்று முடிவு வந்தது. "மீதிய என்ன பண்ணட்டும் டீச்சர்? மஞ்சப் பையில போட்டு அனுப்பிடுவோம்" என்றாள் பர்வீன். மஞ்சள் பை என்றால் எரிப்பதற்கு.

எரிப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு தவளை, ஒரு நட்டுவாக்காலி, வால் அறுந்த ஒரு கட்டுவிரியன். நான் சேர்ந்த நாளிலிருந்து அதே தவளைதான். மனித உறுப்பு ஒன்றுகூட இல்லை. என் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்தால் எவ்வளவு கற்றுக்கொள்வார்கள்? இதே உறுப்பைச் சுமந்துகொண்டு, அது என்னவென்றே தெரியாமல், கட்டி என்றதும் அழுது, நாத்தனார் சொல்வதைக் கேட்டு... உன்னைச் சொல்லவில்லை அம்மா. பொதுவாகச் சொல்கிறேன்.

நல்ல கண்ணாடிக் குடுவை வாங்கி, புது ஃபார்மலின் ஊற்றி, மெழுகால் மூடியை அடைத்துப் பள்ளிக்குக் கொடுத்தேன். இப்போதைய தலைமையாசிரியை ரமாமணி எனக்குக் கீழே வேலை பார்த்தவள். "டீச்சர், இதெல்லாம் வெக்கலாமா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னா?" என்று தயங்கினாள். "யார் என்ன சொல்வது? அறிவைத் தருவதற்கு அனுமதியா?" என்று கேட்டேன். அடங்கிவிட்டாள். சீட்டை நானே எழுதி ஒட்டினேன். பொற்கொடியின் பெயரை எழுதவில்லை. அந்த அளவு எனக்குத் தெரியாதா? 'மனிதக் கருப்பை, தீங்கற்ற தசைக்கட்டியுடன். அன்பளிப்பு: திருமதி மங்கையர்க்கரசி' என்று மட்டும் எழுதினேன்.

அவள் அப்போது என் வீட்டில்தான் இருந்தாள், உடம்பு தேறுவதற்காக. வேளைக்குப் பத்தியச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. நான் குறை வைக்கவில்லை. அவள்தான் பேசுவதில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அத என்னம்மா பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

"ஆய்வுக்குப் போயிற்று. தீங்கற்றது என்று வந்துவிட்டது" என்றேன்.

"அப்பறம்?"

"முறைப்படி செய்வார்கள்" என்றேன். அதிலும் பொய் இல்லை. முறைப்படிதான் செய்திருந்தேன்.

நானாகவே சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நல்ல சமயத்தில், நல்ல இடத்தில். அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள், என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். இவளும் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கிடப்பாள்? "வா, உன் பள்ளிதானே, நான்கு முகங்களைப் பார்த்தால் மாறுதலாக இருக்கும்" என்று அழைத்துப் போனேன். நான் எடுத்துக் கொடுத்த அரக்கு நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பழைய ஆசிரியைகள் எல்லாரும் வந்து, "ஏ பொற்கொடி, எப்டிடி இருக்க?" என்று தோளைத் தொட்டார்கள். சிரித்தாள். நானே பார்த்தேன், சிரித்தாள். அந்தத் தைரியத்தில்தான் ஆய்வகத்துக்குள் அழைத்துப் போனேன்.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் குடுவையை வைத்திருந்தார்கள். சுற்றிலும் சாமந்திப்பூ. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தர்ஷினி என்று பெயர், கையில் குச்சியோடு நின்றாள். எங்களைப் பார்த்ததும் வணக்கம் வைத்துவிட்டுத் தொடங்கினாள். "இது மனிதக் கருப்பை. இதற்குள்தான் குழந்தை பத்து மாதம் வளரும். இங்கே தெரிவது கட்டி. இது புற்றுநோய் அல்ல. ஆனால் இது இருந்தால் சிலருக்குக் குழந்தை தங்காது." நான் குறுக்கிட்டு, "வேகமாகச் சொல்லாதே, குழந்தை என்று சொல்லும்போது 'ழ'கரம் நன்றாக ஒலிக்க வேண்டும்" என்று திருத்தினேன். அந்தப் பிள்ளை மறுபடியும் சொன்னாள்.

பொற்கொடி குடுவையைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளையிடம், "இது யாரோடதும்மா?" என்று கேட்டாள்.

"தெரியலிங்கக்கா. பெரிய டீச்சர் குடுத்தாங்க. பாவம், யாரோ."

"முதல்லேருந்து இன்னொரு வாட்டி சொல்றியா?" என்றாள் இவள். அந்தப் பிள்ளை மூன்றாம் முறையும் முழுவதும் சொன்னாள். இவள் அசையாமல் நின்று கேட்டாள். முடிந்ததும் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா சொன்ன, சத்தமா சொன்ன" என்றாள்.

நான் மெதுவாக அவள் காதோடு, "பார்த்தாயா? வீணாகவில்லை. வருடா வருடம் எத்தனை பிள்ளைகள் இதைப் பார்த்துப் படிக்கப் போகிறார்கள்" என்றேன். மகிழ்வாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை பெறாதவளுக்கு இத்தனை பிள்ளைகள்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. எனக்கு மேடைக்கு அழைப்பு வந்தது, போனேன். பேசி முடித்து இறங்கிப் பார்த்தால் அவள் இல்லை. கட்டியிருந்த சேலையோடு திருவாரூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். துணிமணி, மாத்திரை எல்லாம் என் வீட்டில். போய்ச் சேர்ந்தபின் மாப்பிள்ளைதான் பேசினார்.

அதன்பின் என் போனை அவள் எடுப்பதில்லை. திருவாரூருக்கு நேரிலேயே போனேன். மாப்பிள்ளை காபி கொடுத்தார். அவள் உள்அறையிலிருந்து வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று, மருத்துவக் காரணம் முழுவதையும் மறுபடியும் சொன்னேன். உதிரப்போக்கின் அளவு, அதன் அபாயம், எல்லாம். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சில மாதங்கள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். வழக்கம்போல் இழுத்து இழுத்துப் பேசினார். "அத்தை... அவ ஒண்ணே ஒண்ணு கேக்கறா. அதைக் கொண்டாந்து குடுத்துடுங்க. ரெண்டு பிள்ளை தங்கியிருந்த எடமாம். அலமாரியில வேணாங்கறா. கொல்லையில புதைச்சுட்டு, ஒரு வெளக்கு ஏத்தணுமாம். கலைஞ்சப்போ கையில குடுக்கறதுக்குன்னு ஒண்ணும் இல்லியேத்தை. அதுங்களுக்கும் சேத்துதான். செஞ்சுட்டீங்கன்னா வந்து பேசறேங்கறா."

"மாப்பிள்ளை, ஃபார்மலினில் ஊறியது மண்ணில் மக்காது" என்றேன்.

"இத நான் அவகிட்டச் சொல்லலே அத்தை" என்று வைத்துவிட்டார்.

உண்மை அதுதானே? தசை இறுகிவிடும். பூச்சி அண்டாது, வேர் அண்டாது. வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும். எதற்காகப் புதைப்பது? ஆனாலும் பெற்ற மனம் கேட்கவில்லை. பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாளே. ஒரு சனிக்கிழமை, அதே ஒயர்க்கூடையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ரமாமணி காரணம் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சாவியைக் கையில் கொடுத்து, "எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர். உடைஞ்சுபோச்சுன்னு நான் எழுதிக்கறேன்" என்றாள். உடைந்தது என்று பொய் எழுதுவதை நான் கற்றுக்கொடுத்ததில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்தைத் திறந்து பார்த்தால் எனக்கு அப்படியொரு கோபம். மூடியின் மெழுகு விண்டு போயிருக்கிறது. திரவம் ஆவியாகி இறங்கிவிட்டது. மேற்பகுதி வெளியே தெரிகிறது, உலர்ந்து கறுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு பொருளைக் கொடுத்தால் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். அதை அப்படியே போட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை. அலமாரியில் ஃபார்மலின் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, பழைய திரவத்தை மெதுவாக வடித்து, புதிதாகக் கலந்து, குடுவையின் கழுத்து வரை ஊற்றினேன். குடுவையை உள்ளும் புறமும் துடைத்தேன். மெழுகை உருக்கி வளையமாக விட்டேன். சீட்டு மங்கியிருந்தது, வேறு எழுதி ஒட்டினேன். வெயில் படாத இடமாகப் பார்த்து, கண் மட்டத்துக்கு வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். முதல் நாள் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடையில் துண்டு மட்டும்தான் இருந்தது.

ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று உன் முகம் கேட்கிறது. எதற்குக் கொடுப்பது, மண்ணுக்கா? அவளிடமிருந்து வந்தது என்று என்னிடம் வேறு என்ன இருக்கிறது? துணிமணியைக்கூட மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அங்கே யாருக்கும் பொறுப்பு இல்லை. நான்தான் போகிறேன், திரவம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முதலில் மாதம் ஒரு முறை போனேன், இப்போது வாரம் தவறுவதில்லை. ரமாமணி தன் அறையில் நாற்காலி போடுகிறேன் என்பாள். நான் ஆய்வகத்திலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் அமைதியாக இருக்கும். சில சமயம் ஏதாவது பேசுவேன். என் வழக்கமே சத்தமாகப் பேசுவதுதான்.

இப்போது உன் பெயரைத்தான் கூப்பிடுகிறாள். மெல்ல எழுந்திரு, அவசரப்படாதே. பயப்படவும் வேண்டாம், எல்லாம் தீங்கற்றதாகத்தான் இருக்கும்.

என்ன சொன்னாய்? தீபாவளிக்காவது மகளைப் பார்ப்பேனா என்றா? நீ ஆறுதலுக்காகக் கேட்கிறாய், எனக்குப் புரிகிறது. தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை அம்மா. ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள்.